கனடியக் குடியுரிமையும் வெளிநாட்டுத் தற்காலிக வேலையும்: திருகோணமலைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உவர்மலையில் எங்கள் ஒழுங்கையில் கனடாவில் பிள்ளையோ மருமகனோ இல்லாத வீடு மிகக் குறைவு. நிரந்தர வதிவுரிமை, அதாவது எல்லோரும் பி.ஆர். என்று சொல்வது, கிடைத்துச் சில ஆண்டுகளான அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது கட்டாரிலிருந்தோ டுபாயிலிருந்தோ ஓராண்டு ஒப்பந்த வேலை வருகிறது. வேறு சிலர் நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியைப் பருவகாலத்துக்குப் பொறுப்பெடுத்து நடத்த ஊருக்கு வரப் பார்க்கிறார்கள். குடியுரிமைக்கு முன்னர் போவதா, பின்னர் போவதா என்ற கேள்வியோடு தாய் தகப்பன்மார் என்னிடம் பத்திரங்களைக் கொண்டு வருகிறார்கள். என் தங்கையின் மகனுடைய விண்ணப்பத்தை இங்கிருந்தபடியே வரி வரியாகச் சரிபார்த்த அனுபவத்திலும், அதன்பின் மற்றவர்களுக்காகச் சட்டத்தை வாசித்துத் தெளிந்ததிலும் இருந்து இந்தப் பதில்களை எழுதுகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. ஆனால், பிழையான ஒரு சொல்லை நம்பிப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் பின்தங்குவதைக் கண்டபின் சும்மா இருக்க முடியவில்லை.

1,095 நாள் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

விண்ணப்பத்தில் கையெழுத்திடும் நாளுக்கு உடனடியாக முந்திய ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 1,095 நாட்கள் உடலால் கனடாவில் இருந்திருக்க வேண்டும் என்பதே கனடியக் குடியுரிமைச் சட்டத்தின் நிபந்தனை. இந்தக் கணக்கு 2017 ஒக்டோபர் 11 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் சில காலம் ஆறு ஆண்டுகளில் 1,460 நாட்கள் கேட்டார்கள்; அந்தப் பழைய எண்ணை இன்னும் சொல்லித் திரிபவர்கள் உண்டு, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஐந்து ஆண்டு என்பது, இடையில் எத்தனை பெப்ரவரி 29 வருகிறது என்பதைப் பொறுத்து, 1,826 நாட்கள் அல்லது 1,827 நாட்கள். அந்தக் காலம் முழுவதும் வதிவுரிமையோடு இருந்த ஒருவர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வெளியே இருந்தாலும் தகுதி பெறுவார். கேட்கும்போது தாராளமாகத் தோன்றும். ஆனால் இந்த ஐந்தாண்டு, கையெழுத்திடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவது. நாள் நகர நகர அதன் அடிமுனையும் நகர்ந்துகொண்டே வரும். கட்டாரில் இருக்கும்போது முன்பக்கத்தில் புதிய நாள் ஒன்றும் சேராது, பின்பக்கத்தில் பழைய நாள் உதிர்ந்துகொண்டிருக்கும். ஆயிரம் நாட்களைச் சேர்த்துவிட்டு, மிச்சத்தை வந்து பார்ப்போம் என்று இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் போனவர், திரும்பி வந்து தொண்ணூற்றைந்து நாளில் விண்ணப்பிக்கலாம் என்று நினைத்தால், அது சில வேளைகளில் நடக்கும், சில வேளைகளில் நடக்காது. நாட்கள் எந்த ஆண்டுகளில் சேர்ந்தவை என்பதே அதைத் தீர்மானிக்கும்.

மகன் முதலில் மாணவ விசாவில் இருந்தவர். அந்தக் காலமும் சேருமா?

பாதியாகச் சேரும். வதிவுரிமை கிடைப்பதற்கு முன் மாணவராகவோ, வேலை அனுமதியோடோ, பாதுகாக்கப்பட்ட நபராகவோ (அதாவது அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டவராகவோ) சட்டப்படி இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாள். அதிகபட்சம் 365 நாட்கள்.

ஓர் உதாரணம். 2020 செப்டெம்பர் 1 அன்று மாணவராகப் போய், 2023 மார்ச் 1 அன்று வதிவுரிமை பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். இடைப்பட்ட 911 நாட்களின் பாதி 455க்கு மேல் வந்தாலும் 365 நாட்களே கிடைக்கும். மீதி 730 நாட்களை வதிவுரிமைக் காலத்தில் காட்ட வேண்டும். அவர் எங்கும் போகாமல் இருந்தால் 2025 பெப்ரவரி இறுதியில் 731 நாட்கள் சேர்ந்து மொத்தம் 1,096 ஆகும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாணவர் காலத்தில் அவர் நாற்பது நாள் ஊருக்கு வந்து போயிருந்தாலும் ஒரு நாளும் இழக்கமாட்டார், ஏனெனில் அந்தப் பக்கத்தில் 365க்கு மேல் மிச்சம் இருக்கிறது. அதே நாற்பது நாள் வதிவுரிமை கிடைத்தபின் வந்ததாக இருந்தால் நாற்பதும் முழுதாகக் கழியும். எத்தனை நாள் வெளியே நின்றார் என்று மட்டும் கேட்டால் போதாது, எப்போது நின்றார் என்றும் கேட்க வேண்டும்.

வந்து போன நாட்களை எப்படி எண்ணுவது? முத்திரை சரியாகத் தெரியவில்லை.

ஒரு நாளின் ஏதாவது ஒரு பகுதி கனடாவில் கழிந்திருந்தால் அந்த நாள் கனடாவில் இருந்த நாளே. ஆகவே புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் கழிக்கப்படமாட்டா. ஜனவரி 4 புறப்பட்டு 14 திரும்பியவர் வெளியே இருந்தது ஒன்பது நாள்தான்.

முத்திரை விஷயம் எங்களுக்கும் நேர்ந்தது. தங்கையின் மகனான என் மருமகனின் கடவுச்சீட்டில் கட்டுநாயக்க முத்திரையின் மை பரவி, 11ஆ 17ஆ என்று பிரித்தறிய முடியாமல் போய்விட்டது. தங்கை தன் கூடத்தில் தொங்கும் நாள்காட்டியைத் தூக்கி எறியாமல் வருடம் வருடமாகக் கட்டி அலுமாரியின் மேல் வைத்திருப்பவள். தூசி தட்டி அந்த ஆண்டுக் கட்டை அவிழ்த்தோம். ராகுகாலம் அச்சிட்ட கட்டத்தின் ஓரத்தில் நீலப் பேனையால் "தம்பி வந்தான், இரவு ரயில்" என்று 18ஆம் திகதியில் எழுதியிருந்தாள். ஆகவே விமானம் இறங்கியது 17. பிறகு விமானச் சீட்டின் மின்னஞ்சலும் தேடி எடுக்கப்பட்டு அதையே உறுதி செய்தது.

நாள்காட்டியைக் கனடிய அதிகாரிக்கு அனுப்பச் சொல்லவில்லை. ஆனால் ஞாபகத்தை நம்பித் திகதி எழுத வேண்டாம் என்று சொல்கிறேன். 2020 முதல் விமானத்தில் கனடாவை விட்டு வெளியேறுவோரின் விவரமும் அந்நாட்டு எல்லைச் சேவையிடம் சேருகிறது. நீங்கள் எழுதும் திகதியும் அவர்களிடம் உள்ள திகதியும் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் மேலதிக விசாரணைக்குப் போகும். வேண்டுமென்றே மறைத்ததாகக் கண்டால் ஐந்து ஆண்டுகளுக்குக் குடியுரிமையே கிடையாது. கனடியக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் உள்ள நாட்கணிப்பானில் ஒவ்வொரு பயணத்தையும் பதிந்து, 1,095ஐத் தொட்டவுடனேயே கையெழுத்திடாமல் இரண்டு மூன்று வாரமாவது மேலதிகமாக விட்டு விண்ணப்பிப்பதே என் அறிவுரை. ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் ஏற்கப்படாது.

கனடிய நிறுவனமே கட்டாருக்கு அனுப்பினால் அந்த நாட்கள் சேரும் என்று ஒரு முகவர் சொன்னார். உண்மையா?

இந்தக் கேள்வியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கனடாவில் இரண்டு தனித்தனிக் கணக்குகள் உண்டு. ஒன்று வதிவுரிமையைக் காப்பாற்றும் கணக்கு. அது குடிவரவுச் சட்டத்தில் உள்ளது, ஐந்து ஆண்டுகளில் 730 நாட்கள். மற்றது குடியுரிமைக் கணக்கு; அது மேலே சொன்ன 1,095.

கனடிய நிறுவனம் ஒன்று தன் முழுநேர ஊழியரை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பினால், அந்த நாட்கள் 730 நாள் கணக்கில் சேரக்கூடும். கனடியக் குடியுரிமை உள்ள கணவனோடோ மனைவியோடோ வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்த நாட்களும் அப்படியே சேரும். முகவர் சொன்னது அந்த விதி. குடியுரிமைக் கணக்கில் அதற்கு இடமில்லை. அங்கே வெளிநாட்டில் இருந்த நாட்கள் சேர்வது, கனடிய ஆயுதப் படையிலோ, கூட்டாட்சி அரசின் அல்லது ஒரு மாகாண அரசின் சேவையிலோ வெளிநாட்டில் பணியாற்றியவர்களுக்கும், அவர்களோடு வாழ்ந்த துணைக்கும் பிள்ளைக்கும் மட்டுமே. அதிலும் அந்தந்த நாட்டில் உள்ளூராக அமர்த்தப்பட்ட ஊழியர்கள் அடங்கமாட்டார்கள். ஆகவே ரொறன்ரோ நிறுவனம் டோஹாவுக்கு அனுப்பிய பொறியியலாளருக்கு வதிவுரிமை பிழைக்கும், குடியுரிமை நாட்கள் ஒன்றும் ஏறா. கட்டார் நிறுவனம் ஒன்றே நேரடியாக வேலைக்கு எடுத்திருந்தால் இரண்டிலும் ஒன்றும் சேராது.

ஊரில் இருந்தபடி இணையத்தில் கனடிய நிறுவனத்துக்கு வேலை செய்தால்?

குடியுரிமைக்குச் சேராது. சம்பளம் கனடிய வங்கியில் விழுவதாலோ, வரி அங்கே கட்டுவதாலோ உடல் அங்கே இருந்ததாக ஆகாது. நிறுவனம் அனுப்பாமல் தானாக வந்து இருப்பவர், 730 நாள் கணக்குக்கும் இதை நம்பி இருக்கக் கூடாது.

அப்படியானால் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் போகலாமா?

போகலாம், நான் சொல்லும் வழியும் அதுதான். நாட்கள் விண்ணப்பத் திகதியோடு எண்ணி முடிக்கப்படுகின்றன. அதற்குப் பின் வெளியே இருக்கும் நாட்கள் அந்த 1,095ஐக் குறைக்கமாட்டா. குடியுரிமை கிடைத்தபின் கனடாவிலேயே வாழும் எண்ணம் உண்டு என்று உறுதி கூற வேண்டிய நிபந்தனை ஒன்று முன்னர் இருந்தது. அது 2017 ஜூனில் நீக்கப்பட்டது. ஆகவே வெளிநாட்டு வேலையைத் திட்டமிடுவது குற்றமுமல்ல, மறைக்க வேண்டியதுமல்ல.

ஆனால் சத்தியப்பிரமாணம் முடியும்வரை அவர் வதிவுரிமையாளரே. அதுவரை 730 நாள் கடமை அவரைத் தொடரும். அதிலும் முக்கியமாக, திணைக்களத்தின் கடிதத்துக்கும் மின்னஞ்சலுக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கைரேகை, பரீட்சை, நேர்காணல், மேலதிக ஆவணம் என எதற்கு அழைத்தாலும் குறித்த நாளுக்குள் பதில் போகாவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கருதி மூடிவிடச் சட்டம் இடமளிக்கிறது. பணம் போவது ஒரு பக்கம். மீண்டும் விண்ணப்பிக்கும் நாளில் ஐந்தாண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்கும், அப்போது கட்டார் நாட்கள் எல்லாம் நடுவில் ஓட்டையாக நிற்கும். நீண்ட காலம் வெளியே போவதாக இருந்தால் அதை இணையப் படிவம் மூலம் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், அழைப்பு வந்தால் இரண்டு வார விடுமுறையில் கனடா போய்வர அனுமதி உண்டு என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. வளைகுடாவில் கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்களுக்கு இந்த நிலையில் போகவே வேண்டாம் என்பேன்.

வெளியே இருக்கும்போது பி.ஆர். அட்டை காலாவதியானால்?

அட்டை முடிவதால் வதிவுரிமை முடியாது. ஆனால் அட்டை இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். வெளிநாட்டில் இருந்தபடி நிரந்தர வதிவாளர் பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அப்போது 730 நாள் கணக்கைத் துருவிப் பார்ப்பார்கள். அட்டையில் குறைந்தது ஒப்பந்த காலத்தையும் தாண்டிய மாதங்கள் மிச்சம் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே புறப்பட வேண்டும்.

மகன் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு வதிவுரிமை பெற்றவர். விடுதிப் பருவத்துக்கு ஊருக்கு வந்து வேலை செய்யலாமா?

வர வேண்டாம். இதைச் சொல்லும்போது எதிரில் இருக்கும் தாயின் முகம் வாடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன், ஆனாலும் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்த நாட்டில் தனக்குப் பாதுகாப்பில்லை என்று சொல்லி அடைக்கலம் பெற்றாரோ, அந்த நாட்டின் பாதுகாப்பை ஒருவர் தானாக விரும்பி மீண்டும் நாடினால், அவரது அகதி நிலை முடிவுக்கு வந்ததாக அறிவிக்கக் கனடிய அரசு கேட்கலாம். இலங்கைக் கடவுச்சீட்டை எடுப்பதும், புதுப்பிப்பதும், அதில் இலங்கைக்குப் பயணிப்பதும் அப்படி நாடியதற்குச் சான்றாக முன்வைக்கப்படுகின்றன. 2012 டிசம்பருக்கு முன் இதனால் வதிவுரிமை பறிபோகவில்லை. அந்த மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்பின், அகதி நிலையோடு வதிவுரிமையும் சேர்ந்தே போகும். குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் அதையும் நிறுத்தி வைப்பார்கள். பத்து ஆண்டு வரி கட்டி, வீடு வாங்கி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் நிலையிலும் இது நடக்கக்கூடியது.

2022இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம், அந்த நபருக்கு விளைவு தெரிந்திருந்ததா, பயணத்தின் நோக்கம் என்ன, யாரிடமிருந்து ஆபத்து என்பவற்றையெல்லாம் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சாகக் கிடந்த தாயைப் பார்க்க வந்தவருக்கு அது கைகொடுக்கலாம். ஆறு மாதம் உப்புவெளிக் கடற்கரையில் விடுதி நடத்த வந்தவருக்கு அந்த வாதம் எவ்வளவு தூரம் எடுபடும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். குடியுரிமை கிடைத்தபின் இந்த வழியில் அவரைத் தொட முடியாது. அதுவரை அம்மாவும் அப்பாவும் சென்னையிலோ சிங்கப்பூரிலோ போய்ப் பிள்ளையைச் சந்திப்பதுதான் பாதுகாப்பானது. திறன் அடிப்படையிலோ, கணவன் மனைவி அனுசரணையிலோ போனவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை பருவம் முழுதும் ஊரில் நின்றுவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால்?

கிழக்குக் கரையின் பருவம் ஏப்ரல் 1 தொடங்கி செப்டெம்பர் 30 முடிகிறதென்றால் அது சரியாக 183 நாட்கள். விண்ணப்பத்துக்கு முந்திய நான்கு ஆண்டுகளில் கனடாவுக்கு வெளியே ஒரு நாட்டில் தொடர்ந்து 183 நாட்களோ அதற்கு மேலோ இருந்தவர், அந்த நாட்டின் பொலிஸ் நற்சான்றிதழை இணைக்க வேண்டும். இரண்டு நாள் முந்திப் புறப்பட்டிருந்தால் அந்த அலைச்சலே இல்லை. நின்றுவிட்டாலும் பயப்பட ஒன்றுமில்லை. இலங்கைப் பொலிஸ் திணைக்களத்துக்கு இணையம் வழியாக விண்ணப்பித்து எடுக்கலாம்.

பரீட்சையும் மொழியும் கடினமா?

18 முதல் 54 வயது வரையானவர்களுக்கு மட்டுமே இரண்டும். இருபது கேள்விகளில் பதினைந்து சரியாக வேண்டும். அரசு இலவசமாகத் தரும் கையேட்டை இரண்டு முறை வாசித்தவர் தோற்பது அரிது.

வேலைக்காக ஊரில் நிற்கும்போது குழந்தை பிறந்தால்?

தாய் தகப்பன் இருவரும் வதிவுரிமையாளர்களாக மட்டும் இருந்தால் குழந்தை கனடியர் அல்ல. வதிவுரிமையும் தானாக வராது. விண்ணப்பம் நிலுவையில் இருப்பது குழந்தைக்கு உதவாது, அனுசரணை செய்தே எடுக்க வேண்டும். இருவரில் ஒருவர் கனடாவில் சத்தியப்பிரமாணம் செய்து முடித்தபின் திருகோணமலை வைத்தியசாலையில் பிறக்கும் குழந்தை பிறப்பிலேயே கனடியக் குடியுரிமை உடையது. ஒரு மாத இடைவெளியில் பெரிய வேறுபாடு ஏற்படும் விஷயம் இது, ஆகவே பிரசவத்துக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் திகதியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

கனடியக் குடியுரிமை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை என்னாகும்? காணி என்னாகும்?

கனடா 1977 முதல் பல நாட்டுக் குடியுரிமையை அனுமதிக்கிறது. தடை நம்முடைய பக்கத்தில்தான். இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெறுபவர் இலங்கைக் குடியுரிமையை இழக்கிறார். யாரும் கடிதம் அனுப்பி அறிவிப்பதில்லை. சத்தியப்பிரமாணத்தோடு அது போய்விடுகிறது. கையில் இருக்கும் இலங்கைக் கடவுச்சீட்டில் திகதி மிச்சம் இருந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

இரட்டைப் பிரஜாவுரிமைக்கு இரண்டு வழிகள் உண்டு. சத்தியப்பிரமாணத்துக்கு முன்னரே, இருக்கும் உரிமையைத் தக்கவைக்க 19(3) பிரிவின் கீழ் விண்ணப்பிப்பது ஒன்று. இழந்தபின் 19(2) பிரிவின் கீழ் மீளப் பெறுவது மற்றது. பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலோ, ஒட்டாவாவில் உள்ள உயர்ஸ்தானிகராலயம் அல்லது ரொறன்ரோவில் உள்ள துணைத்தூதரகம் மூலமோ விண்ணப்பிக்கலாம். வயது, கல்வித் தகைமை, இலங்கையில் உள்ள சொத்து அல்லது வைப்பு என்ற அடிப்படைகளில் தகுதி பார்க்கப்படும். கனடாவில் நாட்கள் நெருங்கும்போதே தக்கவைக்கும் விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து, ஏனெனில் இடையில் ஊரில் வேலை செய்யத் திட்டமிடுபவர் வெளிநாட்டவராகிவிட்டால் வதிவிட விசா இல்லாமல் இங்கே ஒரு நாளும் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது.

காணி விஷயத்தில், 2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்றுவதைத் தடை செய்கிறது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கு மாற்றுவதும், நெருங்கிய உறவினருக்கு வாரிசுரிமையாக வருவதும் விலக்குகள். சாம்பல்தீவில் துண்டுக் காணி ஒன்றை மகன் பெயரில் வாங்க நினைக்கும் தகப்பன், மகன் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை உறுதியை எழுதுமுன் நொத்தாரிசிடம் சொல்ல வேண்டும்.

சத்தியப்பிரமாணத்துக்கு நேரில் போக வேண்டுமா? முடிந்த மறுநாளே வேலைக்குத் திரும்பலாமா?

இப்போது பல வைபவங்கள் காணொளி வழியாக நடக்கின்றன. அதற்காக டோஹாவில் இருந்தபடி இணையலாம் என்று எண்ணக் கூடாது. திரையில் இருந்தாலும் கனடிய மண்ணில் இருக்க வேண்டும்.

மருமகனின் வைபவத்தை ஸ்காபரோவில் அவனுக்குப் பக்கத்தில் வைத்த இன்னொரு கைப்பேசி வழியாகத் தங்கையும் நானும் இங்கே பார்த்துக்கொண்டிருந்தோம். அதிகாரி கேட்டபோது அவன் பி.ஆர். அட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிக் கமராவுக்கு முன் தூக்கிக் காட்டினான். "இனி எப்படித் திரும்பி வருவான்?" என்று தங்கை பதறிவிட்டாள். அவளுடைய கேள்வி நியாயமானது. அட்டை போய்விட்டது, கனடியக் கடவுச்சீட்டு இன்னும் கைக்கு வரவில்லை. 2016 நவம்பர் முதல், வேறு நாட்டுக் குடியுரிமையும் உள்ள கனடியர்கள் கனடா செல்லும் விமானத்தில் ஏறக் கனடியக் கடவுச்சீட்டு வேண்டும். ஆகவே குடியுரிமைச் சான்றிதழ் வந்து, அதை வைத்துக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்து, அது கையில் கிடைக்கும்வரை அவர் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது. அதற்குச் சில வாரங்கள் தேவை. முதலாளியிடம் கேட்கும் விடுமுறையில் அந்த வாரங்களையும் சேர்த்துக் கேளுங்கள். திரும்பும் விமானச் சீட்டைக் கடவுச்சீட்டு கையில் வந்தபின் எடுங்கள்.